பெயரற்ற மண்டையோடு

கத்தி சேகரிக்கும் அமெரிக்க நண்பரின் மடக்குக் கத்திகளில் ஒன்றுகூட எதையும் அறுத்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றின் பிடியிலும் கோத்த கயிற்றில் ஒரு வெள்ளி மண்டையோடு தொங்குகிறது. விரலில் அதே உருவில் மோதிரம்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மண்டையோடு பொறித்த துக்க மோதிரங்களின் உட்புறம் இறந்தவரின் பெயரெழுத்தும் தேதியும் இருக்கும். அது ஒருவருடைய சாவு. 1978இல் லண்டன் பொற்கொல்லர்கள் கோர்ட்ஸும் ஹாக்கெட்டும் கித்தார்க் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்குச் செய்த வெள்ளி மண்டையோடு எல்லோருடையதும். ஆகவே யாருடையதும் அல்ல. நண்பருடையதும் அந்த வழியில் வந்ததுதான். அறுக்காத கத்திக்கு, யாரும் சாகாத இந்தச் சாவு பொருந்திவிடுகிறது.

ஏளனம் செய்ய எனக்கு யோக்யதையில்லை. அவர் தந்த மண்டையோடு ஒன்று என் சாவிக்கொத்தில் இருக்கிறது. அப்பா இறந்த தேதியை அதில் பொறிக்க நினைத்தேன். மனம் வரவில்லை. பொறித்தால் பிறகு அதை மாட்டிக்கொண்டு திரிய முடியாது.