எச்சரிக்கையும் புகலிடமும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

வீடு என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் தருவது. மனிதர் உண்டு உறங்கி வாழும் இல்லத்தை அது குறிக்கும். பற்றுக்களினின்றும் விடுபட்ட நிலையையும் குறிக்கும். விடு என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல் அறம், பொருள், இன்பம் என்பவற்றின் பின் நான்காவது உறுதிப்பொருளாக வைத்து எண்ணப்பட்டது. அந்நான்காம் பொருள் மனத்திற்கும் மொழிக்கும் எட்டாதது ஆகலின் அதனை நேரே எடுத்துரைத்தல் இயலாது என்பது பரிமேலழகர் கருத்து. ஆயின் முதலாம் பொருளில் வரும் வீடு எவருக்கும் எட்டக்கூடியது என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. கூரை ஏன் ஒழுகுகின்றது, அடுப்புப் புகை எவ்வழியாக வெளியேறும், பிள்ளையின் இருமல் ஏன் தணியவில்லை, பின்சுவரில் ஊறும் ஈரம் எங்கிருந்து வருகின்றது என்பன வீட்டிலுள்ளோர் நாடோறும் எழுப்பும் வினாக்கள். இவற்றைத் தத்துவ வினாக்கள் என எவரும் கொள்வதில்லை. எனினும் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை, இத்தகைய வினாவொன்று கடந்த சில ஆண்டுகளாக அறவியலின் அடிப்படையையே தொடுவதாக வளர்ந்துள்ளது. ஆபத்து உண்டு என்று அறிந்த பின்னரும் இம்மக்கள் ஏன் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை என்பதே அவ்வினா.

இவ்வினா வலுப்பெற்ற நாள் 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி. அன்று காலை ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின்மீது வீழ்ந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர். பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. காலையிற் பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இருக்கவில்லை, பலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. மண்சரிவு ஆபத்து அவ்விடத்தில் உண்டு என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் சுட்டிக்காட்டியிருந்தது. சரிவொன்றிற் குவிந்து கிடக்கும் தளர்மண்ணில் மழைநீர் ஊறுமிடத்து, மண் துணிக்கைகளுக்கிடையே நீரின் அமுக்கம் பெருகி அவற்றின் பிடிப்பு குன்றும். ஓர் எல்லைக்குப் பின் சரிவு தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது பெயரும். எந்த ஆண்டில், எந்த இரவில் அது நிகழும் என்பதே கூறவியலாதிருந்தது.

நிகழ்ச்சியின் பின்னர் மூவகை விடைகள் பலராலும் எடுத்துரைக்கப்பட்டன. அது விதி என்பது முதலாவது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாத மக்களின் அறியாமை என்பது இரண்டாவது. போவதற்கு அவர்களுக்கு இடம் இருக்கவில்லை என்பது மூன்றாவது. முதல் விடை மண்ணையும் மழையையும் மட்டுமே நோக்குகின்றது. ஊழ் என்னும் கோட்பாடு துயருற்றோர் தம் துயரைத் தாங்குவதற்குத் துணைசெய்யலாம். ஆயின் பிறர் தம் கடமையினின்றும் நழுவுவதற்கு அதனைக் கருவியாக்குதல் தகாது. முன்னறிந்து கூறப்பட்டதொன்றை ஊழ் என்று கூறுதல் சொல்லளவிலும் பொருந்துவதன்று. எனவே ஆராய்தற்குரியவை ஏனைய இரண்டுமே.

செயலொன்று எப்போது ஒருவரின் விருப்பால் நிகழ்ந்தது எனப்படும் என்னும் வினாவை அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில் எழுப்புகின்றார். புயலில் அகப்பட்ட கப்பலிலுள்ளோர் சரக்கைக் கடலில் வீசுகின்றனர். அமைதியான கடலில் எவரும் தம் பொருளை இவ்வாறு எறியார். ஆயினும் அந்நேரத்தில் அச்செயலைத் தேர்ந்தவர்கள் அவர்களே. ஆதலின் அதனை முற்றிலும் விருப்பச் செயல் என்றலும், முற்றிலும் வற்புறுத்தப்பட்ட செயல் என்றலும் பொருந்தா. அது கலப்புச் செயல் என்பது அவர் முடிபு. மீரியபெத்தை மக்கள் தங்கியிருந்தமையும் ஒருவகைக் கலப்புச் செயலே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கப்பலில் இருந்தோர் புயலைக் கண்முன்னே கண்டனர். லயத்தில் இருந்தோருக்குப் புயல் நாள் குறிக்கப்படாத ஒரு செய்தியாகவே கிட்டியது. அவர்கள் கண்முன்னே இருந்தது அன்றைய பேர், அன்றைய கொழுந்து, அம்மாதச் சம்பளம் என்பனவாகும். என்றோ வரக்கூடிய பேரிழப்புக்கும் நாளையே வரவிருக்கும் சிற்றிழப்புக்கும் இடையில் நின்றோர் பின்னதை முதலில் எண்ணியமை அறியாமையன்று. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பம் எதுவும் அவ்வாறே எண்ணும்.

இனி, அவர்கள் விட்டுப்போகவேண்டியிருந்த வீடு எத்தகையது என்பது நோக்கத்தக்கது. மலையகத்தின் லயம் குடும்பத்திற்காக எழுந்த கட்டடம் அன்று. தொழிலாளர் தொகைக்காக எழுந்தது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்க, முன்னே ஒரு சிறு இஸ்தோப்பும் இருக்கும். பேர் பதியப்பட்டோருக்குக் காம்பரா கிடைத்தது. தோட்டத்து வேலையே அங்கு வாழ்வதற்குரிய ஆதாரமாயிற்று. காணிச் சீர்திருத்தத்தின் வழி 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளிற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. மண்ணுக்கு உரியவரும் அதனை ஆள்பவரும் மாறினர். காம்பராவில் வாழ்ந்தவருக்கு அதன்மீதிருந்த உரிமை பெரிதும் மாறவில்லை. நெடுங்காலம் அவர்களுக்கு வரும் கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே கைக்கு வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட பெருந்தொகையினருக்கு, 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரையில், தோட்டத்திற்கு வெளியே நிலம் தேடும் வழிகளும் குறுகியே இருந்தன.

ஆகவே ஏன் போகவில்லை என்னும் வினாவில் 'போதல்' என்ற சொல்லே ஆராயப்படவேண்டியதாகின்றது. நகரத்திலுள்ள ஒருவர் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகின்றார். தோட்டத்திலுள்ளவர் லயத்தை விடுவாராயின், அதனோடு பிரட்டுக்களத்தையும், பிள்ளைமடுவத்தையும், பீலிக்கரையையும், கோயிலையும், கடன்தரும் கடையையும், முன்னோர் புதைக்கப்பட்ட மண்ணையும் ஒருங்கே விடவேண்டியவராகின்றார். வேலையும் வீடும் ஒரே கயிற்றாற் கட்டப்பட்டவிடத்து ஒன்றை மட்டும் அவிழ்த்தல் அரிது. வேறோர் இடம் காட்டப்பட்டிருப்பின், அங்கிருந்து மலைக்குச் செல்லும் தூரம் எவ்வளவு, அவ்விடத்திற்கு உறுதி உண்டா, நீர் உண்டா என்பன உடனே எழும் வினாக்கள். இவற்றுக்கு விடையில்லாதபோது எச்சரிக்கை காதில் விழும், காலை அசைக்காது.

இந்நிலை மண்சரிவுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்து உடல்நலம் பற்றிய அன்றாட அறிவுரைகளும் இதே வடிவினவாகவே உள்ளன. நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக என்பர்; விறகு தேடும் நேரம் யாருடையது எனக் கேளார். அறையிற் காற்றோட்டம் வேண்டும் என்பர். பின்சுவர் மலையோடு ஒட்டிய காம்பராவிற் சாளரம் எங்கே வைப்பது எனக் கூறார். இருமலுள்ளவரைத் தனியே படுக்கச் செய்க என்பர். ஒரே அறையில் மூன்று தலைமுறை உறங்கும் வீட்டில் தனிமை என்பது எத்திசையில் உள்ளது எனக் காட்டார். அறிவுரைகள் யாவும் சரியானவையே. அவற்றைக் கூறுவோர் நல்லெண்ணம் உடையோரே. எனினும் நிறைவேற்றும் வழியின்றிக் கூறப்படும் அறிவுரை ஓர் உட்பொருளைத் தன்னுடன் கொண்டு வருகின்றது. நோய் வந்தபின், கூறியதைக் கேளாதவர் என்னும் பழி நோயுற்றவர் மீதே விழுகின்றது.

இலங்கைத் தோட்டங்களின் மருத்துவத் தேவைகள் குறித்து 1872 ஆம் ஆண்டிலேயே கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் தொழிலாளியின் உடலைக் காத்தல் உழைப்பைக் காத்தலின் ஒரு பகுதியாகக் கொள்ளப்பட்ட காலம் அது. உடல் உழைப்புக்குரியது, வீடு உழைப்பாளிக்குரியது என்னும் அக்கருத்தின் நிழல் பின்னைய நிருவாகத்திலும் நீடித்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் உள்ளூராட்சிப் பணிகள் நிகழ்வதற்குத் தடையாக விளங்கியது. அது திருத்தப்பட்டது 2018 ஆம் ஆண்டிலேயே. வாக்களிக்கும் மக்களின் பாதைக்கும் வடிகாலுக்கும் அம்மக்கள் தெரிந்த சபை செலவிடுவதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் இடர்ப்பாடு இருந்தது என்பது, பொறுப்பு எவ்வாறு சிதறிக் கிடந்தது என்பதற்குச் சான்றாகும்.

இச்சிதறலே இங்கு தோன்றும் அறவியற் சிக்கலின் உயிர்நாடி. ஆபத்தைக் கண்டறிதல் ஒரு நிறுவனத்தின் பணி. நிலம் அரசினுடையது. முகாமை கம்பனியினுடையது. கூலி பற்றிப் பேசுதல் தொழிற்சங்கத்தின் பணி. நிவாரணம் மாவட்டச் செயலகத்தின் பணி. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் நின்று தம் பங்கைச் செய்ததாகக் கூறல் கூடும். அக்கூற்று உண்மையாகவும் இருத்தல் கூடும். எனினும் பங்குகள் அனைத்தையும் கூட்டினால் ஒரு குடும்பத்திற்குப் பாதுகாப்பான ஒரு வீடு வரவில்லை. 1845 ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைபற்றி எழுதிய ஏங்கெல்ஸ், அகால மரணம் தவிர்க்கவொண்ணாத நிலையில் மனிதரை ஒரு சமூகம் அறிந்தே வைத்திருக்குமாயின் அதனைச் சமூகக் கொலை என்றே கொள்ளவேண்டும் என வாதிட்டார். அச்சொல் கடுமையானது, கொல்லும் எண்ணம் எவரிடத்தும் இல்லாதபோது கொலை என்னுஞ் சொல்லைப் பயன்படுத்துதல் தகுமா என வினவலாம். ஆயின் அவர் சுட்டிய உண்மை சொல்லின் கடுமையால் மறைந்துவிடுவதன்று. பலராற் பகிரப்பட்ட பொறுப்பு குறைந்துபோவதில்லை. அது எவர் கண்ணுக்கும் புலப்படாமற் போகின்றது, அவ்வளவே.

இவ்விடத்தில் ஒரு மறுப்புக் கூறப்படலாம். சூழ்நிலையையே முழுக் காரணமாகக் காட்டுதல் தோட்ட மக்களைச் சிந்தனையற்றோராக, செயலற்றோராகக் கொள்வதாகாதா என்பது அம்மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. இரக்கம் மிகுந்து மதிப்புக் குறைதலும் ஒரு தீங்கே. மழை பெருகும் இரவில் அயலவரை எழுப்புதல், வடிகாலைத் துப்புரவாக வைத்திருத்தல், வெடிப்பைக் கண்டவிடத்து உடனே அறிவித்தல் என்பன அங்கு வாழ்வோரின் கடமைகளே. அவற்றை அவர்கள் மீதிருந்து நீக்குதல் அவர்களுக்குச் செய்யும் உதவியன்று. ஆயின் கடமை என்பது ஆற்றலை அளவாகக் கொண்டது. இயன்றதைச் செய்யாதோர் பழிக்குரியர்; இயலாததைச் செய்யாதோர் பழிக்குரியரல்லர். அமர்த்தியா சென் சுதந்திரத்தை ஏட்டில் உள்ள அனுமதியாகவன்றி, ஒருவர் மெய்யாகவே ஆகக்கூடியதும் செய்யக்கூடியதுமாகிய ஆற்றலாகக் கொண்டமை ஈண்டு நினைவிற்குரியது. லயத்தை விட்டுப் போகலாம் என்னும் அனுமதி எந்நாளும் இருந்தது. போகும் ஆற்றலே இருக்கவில்லை.

மீரியபெத்தையில் உயிர் தப்பியோர் நீண்டகாலம் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் தங்கவைக்கப்பட்டனர். 2016 ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஏறத்தாழ ஈராண்டுகளின் பின், பூனாகலைப் பகுதியில் 75 புதிய வீடுகள் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டன. அவ்வீடுகள் கட்டப்பட்டமை மகிழ்தற்குரியது. எனினும் அவை ஒரு வினாவையும் எழுப்புகின்றன. நிலமும் பணமும் 2014 இன் பின் கிடைக்கக்கூடியனவாயின், 2005 இன் பின்னும் 2011 இன் பின்னும் கிடைத்திருக்கக் கூடாதனவா? இடையில் மாறியது மலையின் இயல்பன்று; இறந்தோரின் எண்ணிக்கையே. பூனாகலையிலேயே 2023 மார்ச்சில் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் சிதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாட்டைத் தாக்கியபோது பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் மிகுதியும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. எச்சரிக்கைகள் இன்னும் விடுக்கப்படுகின்றன. இன்னும் அதிகமாகவும் நுணுக்கமாகவும் விடுக்கப்படும்.

ஆதலின் எச்சரிக்கை என்பது யாது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். அது வெறும் செய்தியன்று. உன் உயிர் எனக்கு ஒரு பொருட்டு என்று சமூகம் ஒரு மனிதருக்குக் கூறும் கூற்று அது. அவ்வாறு கூறியவர் அடுத்து எங்கே செல்வது என்னும் வினாவுக்கு விடைகூறவுங் கடமைப்பட்டவராகின்றார். புகலிடம் காட்டாத எச்சரிக்கை கூறியவரின் கடனைத் தீர்ப்பதில்லை. கேட்டவரின் தோளில் அதனை ஏற்றிவைக்கின்றது. நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் மழையிரவுகளில் விழித்திருக்கும் குடும்பங்கள் கேட்பது தமக்கு ஆபத்து உண்டா என்பதையன்று. அதனை அவர்கள் அறிவர். விடிந்தபின் பிள்ளைகளை எங்கே கூட்டிச்செல்வது என்பதையே கேட்கின்றனர். வீடு என்னுஞ் சொல்லுக்கு விடுதலை என்றும் பொருளுரைத்த ஒரு மொழியைப் பேசுவோருக்கு அவ்வினா அந்நியமாக ஒலித்தல் ஆகாது.