அறியாது செய்த வினை

பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாட்டில், ஒகாபா என்னும் இடத்தைச் சூழ்ந்த சரிவுகளிலே வாழும் ஃபோரே மக்கள், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், தம்மில் இறந்தவரின் உடலை உற்றாரும் உறவினருமாகக் கூடி உண்டு முடிப்பதையே அந்திமக் கிரியையாகக் கொண்டிருந்தனர். இதைப் படித்த மாத்திரத்தில் உள்ளத்தில் எழும் அருவருப்பு இயல்பானதே. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அந்த அருவருப்பையே தீர்ப்பாக ஏற்று அத்துடன் நின்றுவிடுவோமானால், தர்மத்தைப் பற்றிய மிகக் கடினமானதொரு கேள்வி நம் கையை விட்டு நழுவிவிடும். அன்பினால் செய்த ஒரு காரியம், செய்தவருக்கே தெரியாமல் நஞ்சாக முடியுமானால், அது பாவமாகுமா?

அந்நாளில் ஃபோரே மக்களின் ஊர் என்பது மலைமுகட்டில் புல் வேய்ந்த சில குடிசைகளும், சரிவை வெட்டித் திருத்திய தோட்டங்களுமே. சர்க்கரைவள்ளிக்கிழங்கே அவர்களுக்கு அன்றாட உணவு, பன்றியே செல்வம். இரவில் குளிர் கடுமையாகையால் குடிசையின் நடுவே நெருப்பு அணையாமல் இருக்கும். ஆண்கள் தமக்கென அமைந்த பெரிய இல்லத்தில் உறங்க, பெண்கள் குழந்தைகளோடும் பன்றிகளோடும் வேறு குடிசைகளில் வாழ்ந்தனர். கிழங்கையும் விறகையும் கைக்குழந்தையையும், பிலும் என்னும் முடிச்சுப் பையிலிட்டு, அதன் பிடியை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுச் சுமந்து மலையேறியவர்கள் பெண்களே. பையன்கள் சற்று வளர்ந்ததும் தாயை விட்டு ஆண்கள் இல்லத்துக்குப் போய்விடுவார்கள். இந்தப் பிரிவினை பின்னால் எத்துணைப் பெரிய வேற்றுமைக்குக் காரணமாயிற்று என்பதைக் காணப்போகிறோம்.

மனிதனுக்கு ஆத்மா ஒன்றன்று, ஐந்து என்பது அவர்களுடைய கொள்கை. இறந்தவுடன் அவை யாவும் ஒருங்கே நீங்கிவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கதி உண்டு. அவற்றுள் ஒன்று, உரிய சடங்குகள் நிறைவேறும் வரை உடலோடு ஒட்டி நின்று, உயிரோடிருப்போருக்கு அபாயம் விளைவிக்கவும் வல்லது. அதை அடக்கித் தாங்கும் ஆற்றல் பெண்ணின் உடலுக்கே உண்டு என்று அவர்கள் நம்பினர். மேலும், நேசித்த ஒருவரின் உடலை மண்ணில் புழுக்களுக்கு விடுவதைக் காட்டிலும் தம்முடைய உடலுக்குள்ளேயே ஏற்றுக்கொள்வது சிறந்தது என்பது அவர்கள் துணிபு. ஆகவே தாயின் உடலை மகளும் மருமகளும் சகோதரியும் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, கீரைகளோடு சமைத்து, முறைப்படி பங்கிட்டு உண்டார்கள். மடியிலிருந்த குழந்தைக்கும் ஊட்டினார்கள். ஆண்கள் பெரும்பாலும் விலகியே நின்றனர். பசியும் பகையும் இதில் இல்லை. பிரிந்தவரைத் தன்னுள் வைத்துக் காக்க வேண்டும் என்ற ஏக்கமே இருந்தது. அந்த ஏக்கம் எல்லா மதங்களின் ஈமச் சடங்குகளுக்கும் அடியில் ஓடுவதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஊர்களில்தான் கூரு என்று அவர்கள் அழைத்த நடுக்க நோய் பரவிற்று. கிழங்குச் சுமையுடன் செங்குத்தான பாதையில் நாள்தோறும் இறங்கிய பெண்ணுக்கு, ஒரு நாள் கால் தள்ளாடும். சில வாரங்களில் கோல் ஊன்றாமல் நடக்க இயலாது; பின்னர் கோலும் உதவாமற் போக, கம்பத்தில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்க முடியும்; தலையும் உடலும் கைகளும் நிலைகொள்ளாமல் நடுங்கும்; பேச்சு குழறும். கடைசியில் விழுங்கும் சக்தியும் போய்விடும். தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக்குள் மரணம். இத்தனையிலும் சித்தம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்பதுதான் இந்நோயின் கொடுமைகளுள் பெரிய கொடுமை. முதல் தள்ளாட்டத்தின்போதே தனக்கு நேரப்போவது இன்னதென்று அவள் அறிவாள். ஏனெனில் தன் தாய்க்கோ தமக்கைக்கோ நேர்ந்ததைப் பார்த்திருக்கிறாள். அப்படிப் பார்த்தபோது, சடங்கில் தானும் ஒரு பங்கை ஏற்றிருக்கிறாள்.

ஏறத்தாழ 11,000 பேரே கொண்ட ஃபோரே மக்களிடையேயும் அவர்களை அடுத்த சிலரிடையேயும், நோய் உச்சத்தில் இருந்த காலத்தில் ஆண்டொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. பெண்கள் அருகிப்போன ஊர்களில் தகப்பன்மார் தாயற்ற குழந்தைகளை வைத்துக்கொண்டு திகைத்தார்கள். 1957ஆம் ஆண்டில் வின்சென்ட் ஜிகாஸ், கார்ல்டன் கஜ்டூசெக் என்னும் மருத்துவர்கள் ஆராயத் தொடங்கியபோது, இது பரம்பரை வியாதியோ என்றே முதலில் ஐயுற்றனர். 1959இல் வில்லியம் ஹாட்லோ என்ற கால்நடை மருத்துவ அறிஞர், ஆடுகளுக்கு வரும் ஒரு மூளைநோயை இது ஒத்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். 1966இல், இறந்தோரின் மூளைத் திசு செலுத்தப்பட்ட சிம்பன்ஸிகளுக்கும் இதே நோய் கண்டதாக அறிக்கை வெளிவந்தது. ராபர்ட் கிளாஸ், ஷெர்லி லிண்டன்பாம் என்னும் மானிடவியலார் ஊர் ஊராக இருந்து கேட்டறிந்த செய்திகளோ, ஈமச் சடங்கில் பங்கு கொண்டவர் யார், நோயுற்றவர் யார் என்ற இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டின. தவறாக மடிப்புற்ற ஒரு புரதமே நோய்க்கு வித்து என்பதும், சமையல் நெருப்பு அதை அழிப்பதில்லை என்பதும், உடலுக்குள் அது 50 ஆண்டுகளுக்கு மேலும் உறங்கிக் கிடக்கக்கூடும் என்பதும் பின்னர் தெளிவாயின.

இனி நம் கேள்விக்கு வருவோம். இயற்கையின் நியதி சங்கற்பத்தைப் பார்ப்பதில்லை. அன்பால் உண்டவளையும் அது விடவில்லை, ஊட்டப்பட்ட சிசுவையும் விடவில்லை. துன்பம் வந்தது, ஆகவே பாவம் இருந்தது என்று வாதிப்பவர்கள், அந்தச் சிசுவின் முன்னிலையில் தம் வாதத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். செயலின் விளைவை அறிய எவ்வழியும் இல்லாதிருந்தவரைக் குற்றவாளி என்று கூறுவது தர்மமாகாது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். ஐம்பதாண்டு கழித்து வரும் நோய்க்கும் என்றோ நடந்த சடங்குக்கும் உள்ள சம்பந்தத்தை எந்தக் கண் கண்டிருக்க முடியும்? அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு. பின்னதற்கே மனிதன் கணக்குக் கொடுக்க வேண்டியவன்.

ஆனால் ஃபோரே மக்கள் தம்மைக் குற்றமற்றவர் என்று சொல்லி ஓய்ந்திருக்கவில்லை. காரணமின்றி மரணம் இல்லை என்பது அவர்களுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எவனோ ஒரு சூனியக்காரன், பெண்ணின் எச்சிலுணவையோ மயிரையோ கந்தலையோ கவர்ந்து, இலையில் கல்லோடு பொதிந்து சேற்று நிலத்தில் புதைத்துவிட்டான், அதனால்தான் அவள் நடுங்குகிறாள் என்று முடிவு கட்டினர். உணவின் மிச்சத்தையும் கந்தலையும் பிறர் கண்ணில் படாமல் ஒளித்தார்கள். சந்தேகத்துக்கு ஆளானவன் துகாபு என்னும் முறையில் அடித்துக் கொல்லப்பட்டதும் உண்டு. அவர்களுடைய வரலாற்றில் பாவம் என்று கூறத்தக்கது எங்கேனும் உண்டென்றால், நான் அதை இங்கேதான் காண்கிறேன்: துயரம் தாங்காத மனம், எவனாவது ஒருவன் குற்றவாளியாக இருந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் கொண்ட இடத்தில். அந்தப் பிடிவாதம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. கொள்ளைநோய் வந்த காலங்களில் ஐரோப்பாவும் யூதர்களை எரித்திருக்கிறது.

எனினும் 1962இன் இறுதியிலும் 1963இன் தொடக்கத்திலும் அங்கே நடந்தவற்றை எண்ணுந்தோறும் என் தலை வணங்குகிறது. தென் ஃபோரே ஊர்களிலே கிபுங் என்னும் பெருங்கூட்டங்கள் கூடின. ஒன்றையொன்று சந்தேகித்துப் பகைத்துக் கிடந்த குடியினர் ஓரிடத்தில் அமர்ந்தனர். முகம் தெரியாத சூனியக்காரனை நோக்கி, எங்கள் பெண்கள் அழிந்துவிட்டால் எங்கள் குலமே இல்லாமற் போய்விடும், இதை நிறுத்துங்கள் என்னும் கருத்துப்படப் பெரியவர்கள் எழுந்து மன்றாடினார்கள். முன்பு தாம் செய்த சூனியங்களைச் சபை நடுவே ஒப்புக்கொண்டவர்களும் இருந்தனர். கொல்ல ஓங்கிய கையைத் தாழ்த்தி, பகைவனின் மனச்சாட்சியோடு பேசத் துணிந்த செயல் இது. சூனியம் என்ற அடிப்படை பொய். அதன்மேல் எழுந்த ஒழுக்கமோ முழு மெய். பொய்யான செய்தியை நம்பியவன் மெய்யான அறத்தைச் செய்ய இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

உயிர்களைக் காத்தது வேறொன்று. 1954இல் ஒகாபாவில் காவல் நிலையம் அமைத்த ஆஸ்திரேலிய நிர்வாகமும், மிஷனரிமாரும், இச்சடங்கைக் காட்டுமிராண்டித்தனம் என்று கருதித் தடுத்தனர். 1950களின் முடிவுக்குள் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. நோய்க்கும் சடங்குக்கும் உள்ள தொடர்பு அப்போது அவர்களுக்கும் தெரியாது. ஒரு கூட்டத்தார் அன்பு நிறைந்த மனத்தோடு அறியாமல் மரணத்தைப் பரப்பினர். இன்னொரு கூட்டத்தார் இகழ்ச்சி கலந்த மனத்தோடு அறியாமலே அதை நிறுத்தினர். விளைவைக் கொண்டு மட்டும் புண்ணிய பாவங்களை நிறுப்பவர் இவ்விருவருள் யாரைப் போற்றுவார்? தடுத்தவரை என்றால், அவர்கள் எதை அறிந்து தடுத்தார்கள் என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும். தடை நன்மை செய்தது. அந்நன்மைக்காக நன்றி கூறலாம். அதைத் தடுத்தவரின் ஞானத்துக்குச் சான்றாக்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

சடங்கு நின்ற பின் பிறந்த குழந்தைகளுள் ஒருவருக்கும் கூரு வரவில்லை. முதலில் சிறுவர்கள் இறப்பது ஓய்ந்தது, பிறகு இளைஞர்கள். முன்னரே உண்டிருந்த முதியோர் சிலர் மட்டும், இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஒருவர் இருவராக நடுங்கி மாண்டனர். கிபுங்கில் அமர்ந்து மன்றாடிய ஒரு முதியவர், அதற்குப் பிந்திய ஆண்டுகளில் ஊரில் குழந்தைகள் பிழைத்து வளர்வதைக் கண்டு, எங்கள் சொல் சூனியக்காரன் காதில் ஏறிற்று, அவன் மனம் இளகிற்று என்று எண்ணியிருந்தால், அவர் கண்முன் இருந்த சாட்சியங்கள் யாவும் அவர் பக்கமே நின்றன.