மேலே பாரம், கீழே முட்டு

வேத பகுதி: உபாகமம் 22:8



விசுவாசிகள் வீட்டில் தளம் போடுகிற நாளில், "பாஸ்டர், வந்து ஜெபம் பண்ணுங்க" என்று கூப்பிடுவார்கள். என்னை மேலே ஏறச் சொல்லுவார்கள். நான் முதலாவது கீழே போவேன். சென்ட்ரிங்கைப் பார்த்த பிறகுதான் மேலே ஜெபம். "பாஸ்டருக்கு விசுவாசம் இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். புதுவீட்டு மாடியிலிருந்து ஒருவனும் விழுந்து சாகாதபடி கைப்பிடிச்சுவர் வைக்கச் சொன்னவர் நம்முடைய தேவன். கட்டி முடித்த வீட்டுக்கே அப்படியென்றால், ஈரத் தளத்தின்மேல் கலவைச் சட்டி சுமக்கிற சித்தாளின் உயிருக்கு எவ்வளவு அதிகமாய்க் கணக்குக் கேட்பார்!

பாரத்தைப் பாருங்கள். 10-க்கு 10 அடி அறைக்கு 5 அங்குலத் தளம் போட்டால், கம்பியோடு சேர்ந்து ஏறக்குறைய 3 டன். அதன்மேல் ஆட்கள், கலவைக் குவியல், வைப்ரேட்டரின் அதிர்ச்சி. ஈரக் காங்கிரீட்டுக்குச் சொந்த பலம் கிடையாது. அவ்வளவும் முட்டுகளின்மேல்தான்.

ஆகையால் மூன்று காரியங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, முட்டின் அடி. புதிதாய் நிரப்பின மண்ணிலோ, அடுக்கின செங்கல் மேலோ முட்டு நிற்கக்கூடாது. தண்ணி இறங்கினால் மண் இறங்கும், கூடவே முட்டும் இறங்கும். கெட்டிச்ச தரையில் கனமான பலகை போட்டு நிறுத்தவேண்டும்.

இரண்டு, நேரும் கட்டும். முட்டு செங்குத்தாய் நிற்கவேண்டும். தனியாய் நிற்கிற சவுக்குக் கம்பு பாரத்தில் வளையும். குறுக்குக் கம்பு வைத்து ஒன்றோடொன்று கட்டினால் அதே கம்பு தாங்கும்.

மூன்று, தூண் பெட்டி. ஈரக் கலவை தண்ணீரைப்போலப் பக்கவாட்டில் தள்ளும். ஆழம் கூடக் கூடத் தள்ளும் பலம் கூடும். அதனால் அடியில்தான் கட்டு நெருக்கமா இருக்கணும். பிதுங்குகிற இடம் அதுதான்.

அடுத்தது, பிரிக்கிற அவசரம். "ஷீட்டுக்கு வாடகை ஏறுது பாஸ்டர், அஞ்சு நாள்ல பிரிச்சிடலாம்" என்பார்கள். வேண்டாம்! சாதாரண சிமெண்டுக்கு நம் தேசத்தின் ஐ.எஸ். 456 விதி (2000-ம் ஆண்டு) சொல்லுகிறது: சுவருக்குச் சுவர் 4.5 மீட்டர் வரையுள்ள தளத்தின் முட்டுகளுக்குக் குறைந்தது 7 நாள். அதற்கு மேலானால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள். மேலானால் 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்டானால் இன்ஜினியரைக் கேளுங்கள். மேலே தட்டினால் கல்லைப்போலிருக்கும். உள்ளே இன்னும் பலப்பட்டுக்கொண்டிருக்கும்.

பிரியமானவர்களே, புதிதாய் வந்த ஆத்துமாக்களும் அப்படித்தான். எருசலேமில் சீஷர்கள் சவுலுக்குப் பயந்தபோது, பர்னபா அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனார். அது முட்டுக்கொடுக்கிற ஊழியம். பிரதிஷ்டை நாளில் முட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. அது நிற்காவிட்டால் பிரதிஷ்டை நாளே இல்லை.

வீடு கட்டுகிறவர்களே, முட்டில் பணம் மிச்சம்பிடிக்காதிருங்கள். சென்ட்ரிங் வேலை செய்கிற சகோதரரே, முட்டு சரியில்லையென்றால் "கலவை ஏத்தாதீங்க" என்று தைரியமாய்ச் சொல்லுங்கள். மேலே நிற்பவனும் ஒரு வீட்டின் பிள்ளை.

கர்த்தர் தாமே உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.