துப்பறியும் கதையில் நாம் கேட்காத கேள்வி

தமிழ்த் துப்பறியும் கதைகளில் இன்னும் முடியாத ஒரு ஜோக் உண்டு. சுஜாதாவின் வசந்த் அதை ஆரம்பிப்பான். அது முழுதாகச் சொல்லப்படாமலே போகும். 'மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்' என்றால் கணேஷ்–வசந்த் கதைகளைப் படித்தவர்களுக்கு உடனே புரியும். அந்த ஜோக் என்ன என்று வாசகர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சலவைக்காரி யார் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் பெண், துணி வெளுக்கிறவள், அவளைப் பற்றிச் சொல்ல ஆபாசமாக ஏதோ இருக்கிறது. ஜோக்குக்கு இவ்வளவு போதும். நம்மூரில் துணி வெளுக்கும் பெண் என்றால் சாதி குறுக்கே வந்து சிரிப்பைக் கொஞ்சம் தடுத்திருக்கும். மெக்ஸிகோ என்றதும் அந்தத் தயக்கமும் போய்விடுகிறது.

ஒரு கதையைப் பற்றி நாம் எதைக் கேட்கிறோம், எதைக் கேட்காமல் விடுகிறோம் என்பது வெறும் ரசனை விஷயமா? அதில் அறம் சார்ந்தது ஏதும் இருக்கிறதா?

கணேஷ் 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமானவன். வசந்த் பிறகு வந்து சேர்ந்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வக்கீல்களோடு தமிழ் வாசகர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி என்று மற்ற ஜோடிகளும் உண்டு. சுசீலாவும் வைஜயந்தியும் துப்பறிகிறவர்கள்தான். ஆனால் சுசீலா என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவள் கண்டுபிடித்த தடயம் அல்ல, அவள் டி-ஷர்ட்டில் எழுதியிருந்த வாசகம்.

காட்டுப்பாக்கத்தில் நாங்கள் பத்துப் பெண்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுகிறோம். ஒரு மாதம் 'கொலையுதிர் காலம்' எடுத்துக்கொண்டோம். 1981இல் குமுதத்தில் தொடராக வந்தது. பெரிய சொத்துக்கு வாரிசான லீனா என்ற இளம்பெண், அவள் சித்தப்பா குமாரவியாசன், அந்தக் குடும்பத்தைப் பழிவாங்க அலைவதாகச் சொல்லப்படும் ஒரு பெண்ணின் ஆவி, நடுவில் கொலைகள். கணேஷ் அறிவியல் காரணம் தேடுகிறான். ஹோலோகிராம் என்ற சொல்லைப் பல தமிழ் வாசகர்கள் முதலில் கேட்டது இந்தக் கதையில்தான். வசந்த் ஆவிதான் என்கிறான். சுஜாதா கடைசிவரை கதவை முழுக்கச் சாத்தவில்லை.

எங்கள் பேச்சும் அந்தக் கதவைச் சுற்றியே போனது. ஆவியா, ஹோலோகிராமா? முடிவு நியாயமா, ஏமாற்றா? கொலையாளியை எந்த இடத்தில் ஊகித்தோம்? இதைவிட 'நிர்வாண நகரம்' நல்ல கதையா? முக்கால் மணி நேரம் கழித்து, ஆவடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்: "இவ்ளோ நேரம் பேசிட்டோம். லீனா பேரே வரலியே ஆன்ட்டி."

அவள் ஆன்ட்டி என்றது எங்களில் மூத்தவரை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இந்தக் கதையை வாராவாரம் குமுதத்தில் படித்தவர். "கதையைக் கதையாப் படிக்கணும்மா. எல்லாத்தையும் கோர்ட்டுல நிறுத்தினா எதைத்தான் படிக்கிறது?" என்றார்.

அவர் பதிலை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் வளர்ந்த வீட்டில் பெண்பிள்ளைகளை அடக்கி வைக்கப் பேய்தான் கருவி. புளியமரம், கிணற்றடி, உச்சிவேளை, எல்லா இடத்திலும் பேய். அந்த வீட்டில், எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று வாரம்தோறும் சொன்னவன் கணேஷ். அடுப்பில் சோறு கொதிக்கும் பத்து நிமிடத்தில் திருட்டுத்தனமாகப் படித்த நாலு பக்கம், அவருக்கே அவருக்கென்று இருந்த ஒரே இடம். அந்த இன்பத்தைப் பெண்ணியத்தின் பெயரால் பறிப்பது பெண்ணியமா? பெண்கள் எதைப் படிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்ல வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். நாமும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் வசந்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன இன்னொரு வாக்கியமும் இருக்கிறது: "அவன் அப்படித்தான், விடு." வரும் பெண்களையெல்லாம் அளவெடுத்துப் பேசும் வசந்துக்கு மட்டும் நாம் இதைச் சொல்வதில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு, பஸ்ஸில் மேலே சாய்கிறவருக்கு, குடும்ப விசேஷத்தில் கன்னத்தைக் கிள்ளும் பெரியவருக்கு, எல்லோருக்கும் சொல்வது இதே வாக்கியம்தான். அதைச் சொல்ல நாம் கதையில் பழகிக்கொண்டோமா, வாழ்க்கையில் பழகிக் கதைக்குக் கொண்டுபோனோமா என்று பிரிக்க முடியாது. இரண்டு இடத்திலும் ஒரே நாக்குதான் பேசுகிறது.

அப்படியென்றால் பெண் வதைபடும் கதையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பிரிட்டனில் 2018இல் பிரிட்ஜெட் லாலெஸ் என்பவர் 'ஸ்டான்ச்' என்று ஒரு பரிசைத் தொடங்கினார். எந்தப் பெண்ணும் அடிக்கப்படாத, பின்தொடரப்படாத, வல்லுறவுக்கு ஆளாகாத, கொல்லப்படாத த்ரில்லருக்கே அந்தப் பரிசு. அதை எதிர்த்தவர்களில் ஸோஃபி ஹன்னா போன்ற பெண் குற்றக்கதை எழுத்தாளர்களும் இருந்தார்கள். பெண்கள் மீது வன்முறை நடக்கும் உலகில் அதை எழுதாமல் விடுவது அதைக் குறைக்காது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நான் இவர்கள் பக்கம். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் நள்ளிரவுக்கு மேல் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, மெட்ரோ தூண்களின் இருட்டைத் தாண்டித் தெருவுக்குள் நடக்கிற பெண்ணுக்கு, எதுவும் நடக்காத கதை ஆறுதலாக இருக்கலாம், உண்மையாக இருக்காது.

எனக்குக் கதையில் பெண் கொல்லப்படுவதில் சிக்கல் இல்லை. கொல்லப்பட்ட பிறகு அவளைப் பற்றிக் கேட்கப்படும் கேள்வியில்தான் சிக்கல். பெரும்பாலான குற்றக்கதைகளில் இறந்தவளைப் பற்றிக் கேட்கப்படுவது ஒன்றுதான்: யாரோடு பழகினாள்? அது தடயம் தேடும் கேள்விபோல வந்து, கடைசியில் அவளைப் பற்றிய தீர்ப்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கணேஷ் வக்கீல் என்பதால் சட்டத்தின் பக்கம் கொஞ்சம் போகிறேன். அவன் கதைகளில் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், வல்லுறவு வழக்கில் புகார் சொன்ன பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு வழிவிட்டது. மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள் வல்லுறவுக்கு ஆளான ஆதிவாசிச் சிறுமியின் வழக்கு, மதுரா வழக்கு என்று அறியப்படுவது. 1978இல் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுதலை செய்தது. உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று.

அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அந்த மடல் ஒரு வாசகர் கருத்து என்றுதான் எனக்குப் படுகிறது. நால்வர் ஒரு பிரதியைப் படித்தார்கள். அது எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்று எழுதினார்கள். அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்ற கேள்வியை முன்னால் வைத்தார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருந்தியது: காவலில் நடந்த வல்லுறவு வழக்கில், உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். 155(4) பிரிவு போக இன்னும் காலம் பிடித்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது.

சட்டப் புத்தகத்திலிருந்து போன கேள்வி நம் வாயிலிருந்து போய்விட்டதா? 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந்த வாரங்களில் ஊரே துப்பறிந்தது. டீக்கடையில், ஆபீஸ் கேன்டீனில், தொலைக்காட்சியில் ஆளுக்கொரு முடிச்சு அவிழ்த்தார்கள். அவளுக்கு யாரோடு நட்பு, வீட்டில் என்ன பிரச்சினை, ஏன் தனியாக நின்றாள். தொடர்கதையின் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தார்கள். அப்படிக் கேட்டவர்களில் கெட்டவர்கள் குறைவு. குற்றத்தைப் பற்றி வேறு எப்படிக் கேட்பது என்று பழகாதவர்கள்தான் அதிகம்.

அதனால்தான் கதையைக் கதையாகப் படி என்பதோடு என்னால் நின்றுவிட முடியவில்லை. அதே சமயம், கேள்வி கேட்டால் சுவை போய்விடும் என்ற பயமும் எனக்கு இல்லை. குற்றக்கதை வாசகியைப்போலச் சந்தேகப்படத் தெரிந்தவர் யார்? வண்டி கிளம்பிய நேரம் ஐந்து நிமிடம் பிசகினால் பிடித்துவிடுகிறோம். முன் அத்தியாயத்தில் இடது கையால் எழுதியவன் இப்போது வலது கையால் கையெழுத்துப் போட்டால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறோம். எல்லோரையும் சந்தேகி, எதையும் சும்மா நம்பாதே என்று சொல்லிக்கொடுத்ததே இந்தக் கதைகள்தான். அந்தப் பாடத்தைக் கதை சொல்கிறவன் மேலும் திருப்புவது துரோகமில்லை, நல்ல மாணவிக்கு அழகு. இறந்தவளின் வயதும் நிறமும் உடலமைப்பும் ஒரு பத்தி, அவள் என்ன வேலை பார்த்தாள் என்பது ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், அதுவும் கதையில் ஓர் ஓட்டைதான். ரயில் நேரப் பிசகைவிடச் சின்ன ஓட்டை இல்லை.

வசந்தின் சில வரிகளுக்கு எனக்குச் சிரிப்பு வருகிறது. மறைக்க ஒன்றுமில்லை, சுஜாதாவின் கை அப்படி. சிரிப்பு தானாக வருவது, அதற்குக் கணக்குக் கேட்க முடியாது. சிரித்து முடித்த பிறகு 'அவன் அப்படித்தான்' என்கிறோமா, 'அவள் என்ன ஆனாள்' என்கிறோமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு.

எங்கள் குழுவில் இதற்கு ஏகமனதான முடிவு வரவில்லை. மூத்தவர் தம் கட்சியை விடவில்லை. கல்லூரிப் பெண்ணும் விடவில்லை. ஆனால் அடுத்த மாதத்துக்கு ராஜேஷ்குமார் நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது, யார் செய்தது, எப்படிச் செய்தது, முடிவு பொருந்துகிறதா என்ற வழக்கமான மூன்றோடு நான்காவதாக ஒரு கேள்வியை மூத்தவரே சேர்க்கச் சொன்னார்: செத்தவளுக்குக் கதையில் ஒரு சொந்த விருப்பமாவது இருக்கிறதா? அது கோர்ட் கேள்வி இல்லை, கதைக் கேள்விதான் என்பது அவர் வாதம். எனக்கு அதில் மறுப்பு இல்லை.