பழனிசாமி தாங்கிய உடம்பு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெல்லாம் கரிசல் காடும் சீமைக் கருவேலமும்தான். மழை கண் திறந்தால் கம்பும் சோளமும் பாசிப்பயறும் விளையும். பொய்த்துப்போனால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். திருச்சுழியில் குண்டாற்றங்கரையில் கோயில் கொண்ட ஈசனுக்குத் திருமேனிநாதர் என்று பெயர். சுந்தரர் பாடிய தலம். மேனி என்றால் உடம்பு. உடம்பையே பெயராகச் சுமக்கும் சாமியின் ஊரில்தான், உடம்பு நானல்ல என்று உலகுக்குச் சொன்ன ரமணர் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார்.

சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பரின் கேள்விகளுக்கு ரமணர் சொன்ன பதில்கள்தான் பின்னர் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. ஏழு தாதுக்களால் ஆன தூல உடம்பை அந்நூல் முதலிலேயே விலக்கிவிடுகிறது. அந்த ஏழில் ஊனும் உண்டு, கொழுப்பும் உண்டு.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய நெருக்கடி, உடல் பருமனுக்கு அறுவை செய்துகொண்டவருக்கு வருகிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகிறது. எடை மளமளவென்று இறங்கும். சர்க்கரை அடங்கும், மூட்டுவலி குறையும். ஆனால் இறங்கிய எடை முழுவதும் கொழுப்பல்ல. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை கொழுப்பல்லாத திசு; தசை அதில் அடங்கும். முதல் சில மாதங்களில்தான் இந்த இழப்பு அதிகம். எடை மெஷின் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் தவிப்பார். முன்பு இடுப்பில் தூக்கி வந்த தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைப்பார்.

பக்தியுள்ளவர் மனத்தில் அப்போது ஒரு கேள்வி எழுவது இயல்பு. கொழுப்பும் நானல்ல, தசையும் நானல்ல என்றால், ஒன்றைக் கரைத்து மற்றொன்றைக் காப்பாற்றுவது எதற்கு? அழியப்போகும் உடம்புக்கு இவ்வளவு உபசாரமா?

இதற்கு விடையை ரமணரின் வாழ்க்கையிலேயே தேடலாம். சிறுவயதில் அவர் நல்ல பலசாலி. மல்யுத்தம், கால்பந்து, நீச்சல் எல்லாவற்றிலும் கெட்டி. விழித்திருக்கும்போது அவரிடம் மோதத் துணியாத பையன்கள், அசந்து தூங்கும்போது தூக்கிக்கொண்டுபோய் அடிப்பார்களாம். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தபின் அந்த உடம்பு உருக்குலைந்தது. அடுத்த ஆண்டு அங்கே குருமூர்த்தம் என்ற இடத்தில் இருந்தபோது நண்பகலில் ஒரு கிண்ணம் உணவுதான். தசை வற்றி, எழுந்து நிற்பதே பெரும்பாடாயிற்று. நாலடி வைத்தால் தலை சுற்றும், மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை கதவருகே வந்தபோது, உடனிருந்து தொண்டு செய்த பழனிசாமி தம்மைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஏன் என்று கேட்டார். விழப்போனதால் தாங்கியதாகப் பழனிசாமி சொன்னபிறகுதான் விஷயம் தெரிந்தது.

இந்தச் சம்பவத்தில் ரமணரின் பற்றின்மையை வியப்பவர்கள் உண்டு. பழனிசாமியின் இரண்டு கைகளையும் அவர்கள் பார்க்க வேண்டும். உடம்பை மறந்தவருக்காக இன்னோர் உடம்பு பலமாக நிற்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் இருக்கிற சாமானியருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. தசையைக் கவனிக்காமல் விட்டால், அந்தப் பாரம் மகள் தோளிலோ மனைவி கையிலோதான் இறங்கும்.

ரமணரும் அந்த நிலையிலேயே இருந்துவிடவில்லை. பின்னாளில் மலையேறினார், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடந்தார், ஆசிரம அடுக்களையில் விடிவதற்கு முன்பே காய் நறுக்கினார், அரைத்தார். இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு 1949-இல் மருத்துவர்கள் நான்கு முறை கத்தி வைக்க இடம் கொடுத்தார். உடம்பு நானல்ல என்பது ஞானம். அதைச் சாக்காக வைத்து உடம்பைப் பட்டினி போடுவது வெறும் அலட்சியம். உடம்பை இழிவென்று எண்ணியிருந்து, உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கிய திருமூலர் தமிழ்நாட்டுக்குப் புதியவரா என்ன?

பேணுவது என்றால் இங்கே முதலில் புரதம். அறுவைக்குப்பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கரிசல் நாட்டுக்காரருக்குக் கம்மங்கூழ் உயிர். ஆனால் சுருங்கிய இரைப்பையை ஒரு தம்ளர் கூழே நிறைத்துவிடும், தசைக்குத் தேவையானது அதில் சொற்பம். காய்ந்த பாசிப்பயறில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் இருக்கிறது. அதனால் பயறு, முட்டை, தயிர், மீன் முதலில். கூழும் சோறும் பிறகு. வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பதாக நேர்ந்துகொண்டவர் மருத்துவரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. நோயாளிக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று பெரியவர்களும் சொல்லித்தான் வந்திருக்கிறார்கள். புரட்டாசியில் முட்டையை விட்டவருக்கு நவராத்திரிச் சுண்டலே கைகொடுக்கும்.

புரதம் மட்டும் போதாது, தசைக்கு வேலையும் வேண்டும். நடை நல்லதுதான், ஆனால் பலம் திரும்புவதற்குத் தசை பாரத்தை எதிர்த்து உழைக்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவர்கள் அதை அறிந்தவர்கள். அறுவை செய்தவர் கல்லைத் தேட வேண்டியதில்லை. முதல் சில வாரங்களுக்குப் பாரம் தூக்கவும் கூடாது. பலம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழி உண்டு. ஆசிய நாடுகளின் வல்லுநர்கள் 2019-இல் வகுத்த அளவின்படி, கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் குறைவு. நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் கவனிக்க வேண்டும்.

அந்த நாற்காலிச் சோதனையைப் பார்க்கும் கரிசல்காட்டுக்காரருக்குப் பிள்ளையார் சன்னிதி நினைவுக்கு வரும். தொடைக்கும் இடுப்புக்கும் தோப்புக்கரணத்தைவிடப் பழகிய பயிற்சி வேறு எது? காயம் ஆறி, மருத்துவர் சரி என்றபின், ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு முதல் நாள் மூன்று போடலாம். அடுத்த வாரம் ஐந்து. தூணிலிருந்து கையை எடுத்து இரண்டு காதையும் பிடிக்க முடிகிற நாளைக் காலண்டரில் குறித்துவைக்கலாம்.