திடுக்கிட்டு விழிப்பது ஈமானின் குறையா?

பகல் முழுதும் உழைத்த மனிதன் இரவில் படுக்கையில் சாய்கிறான். இமைகள் கனக்கின்றன. எண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவருகின்றன. இன்னும் ஒரு கணத்தில் உறங்கிவிடுவான். அந்த வேளை பார்த்து, படியில் கால் தவறியது போலவும் கிணற்றில் யாரோ தள்ளிவிட்டது போலவும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. எழுந்து உட்காருகிறான். நெஞ்சு படபடக்கிறது, கழுத்தெல்லாம் வியர்வை. சுற்றிலும் ஒன்றுமில்லை. மறுபடி படுத்தால் மறுபடியும் அதே. சிலருக்கு இது எப்போதோ ஒருமுறை. சிலருக்கோ ஒரே இரவில் நான்கைந்து தடவை. நாளடைவில் பாயைக் கண்டாலே அச்சம் பிடித்துக்கொள்கிறது.

இதை வெளியே சொல்ல ஆண்கள் வெட்கப்படுகிறார்கள். பெண்கள் சொன்னால், கண்டதையும் நினைத்துக்கொண்டு படுத்தாய் என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆயினும் இஷா ஜமாஅத் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தூண் ஓரமாக நின்று தணிந்த குரலில் நம்மிடம் கேட்போர் உண்டு. “ஹஜ்ரத், எனக்கு ஈமான் குறைந்துவிட்டதா?” என்பதே பெரும்பாலும் கேள்வி. அதற்கடுத்த கேள்வி வாயில் வராது; முகத்தில் தெரியும். யாராவது எனக்கு ஏதாவது செய்து வைத்திருக்கிறார்களா என்பதே அது.

இரண்டும் லேசான கேள்விகள் அல்ல. முதல் கேள்வியில் மனிதன் தன்மீது பழி போட்டுக்கொள்கிறான். இரண்டாவதில் பிறர்மீது போடுகிறான். எனவே நாம் ஆராய வேண்டியது இதுதான்: தன் வசத்தில் இல்லாத நேரத்தில் வந்த ஓர் அச்சத்துக்கு மனிதன் பொறுப்பாளியா? அல்லது விழித்தெழுந்த பின் அந்த அச்சத்தைக் கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பதற்குப் பொறுப்பாளியா?

முதலில் உடம்பின் சங்கதியைப் பார்த்துவிடுவோம். உறங்கத் தொடங்கும்போது தசைகள் தளர்கின்றன. விழிப்பைக் காக்கும் மூளைப் பகுதிகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. இந்தக் கைமாற்றம் எல்லா நாளும் ஒழுங்காக நடப்பதில்லை. இடையில் மூளைத் தண்டிலிருந்து ஒரு திடீர்ச் சைகை பாய்ந்து தசைகளை உதறச் செய்கிறது. விழுவது போன்ற தோற்றமும் கூடவே வருகிறது. இதன் காரணத்தை மருத்துவர்கள் இன்னும் முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் பத்தில் ஆறேழு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது நேர்கிறது என்றும், இதனால் உயிருக்குக் கேடில்லை என்றும் கூறுகிறார்கள். தூக்கம் கெட்டவர்கள், கவலையில் இருப்பவர்கள், இரவில் தேநீரும் காப்பியும் அதிகம் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இது மிகுதி. தேநீரில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்கிறார்கள். இரவு 10 மணிக்குக் குடித்த கோப்பையில் பாதி, தஹஜ்ஜுத் நேரத்திலும் இரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். தஹஜ்ஜுதுக்கு எழுந்தவருக்கு அது உதவலாம். இன்னும் உறங்கவே முடியாதவருக்கு?

நமது திருவண்ணாமலையில் இதற்குக் கூடுதல் காரணம் ஒன்றுண்டு. பௌர்ணமி இரவுகளில் இந்த ஊர் உறங்குவதில்லை. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் விடிய விடிய மக்கள் நடக்கிறார்கள். கார்த்திகைத் தீபத்தின்போது சொல்லவே வேண்டியதில்லை. தேநீர்க் கடை, சாப்பாட்டுக் கடை, ஆட்டோ, விடுதி என்று அந்த இரவுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் நம்மவர்களும் உண்டு. இரண்டு இரவு கண் விழித்து, தூக்கம் வராமலிருக்கத் தேநீராகக் குடித்துவிட்டு, மூன்றாம் இரவு படுப்பவனுக்கு உடம்பு தூக்கிப் போடுவதில் வியப்பென்ன?

இனி ஈமான் பற்றிய கேள்விக்கு வருவோம். காலித் பின் வலீத் (ரலி) அவர்களை அறியாத முஸ்லிம் இல்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மூத்தா போரில் அவர்களுடைய கையில் ஒன்பது வாட்கள் முறிந்தன என்று புகாரியில் வருகிறது. அத்தகைய வீரர், தாம் உறக்கத்தில் அச்சுறுத்தப்படுவதாக அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள் என்ற செய்தி தமக்கு எட்டியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் பதிந்திருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், உனக்கென்ன பயம் என்று கேட்கவில்லை. நீயோ அல்லாஹ்வின் வாள் என்று சொல்லி நாணச் செய்யவுமில்லை. ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். அல்லாஹ்வின் நிறைவான வாக்குகளைக் கொண்டு, அவனது கோபத்தையும் தண்டனையையும் விட்டும், அவனுடைய அடியார்களின் தீங்கை விட்டும், ஷைத்தான்களின் தூண்டல்களையும் அவர்கள் அருகே வருவதையும் விட்டும் காவல் தேடுவதே அதன் கருத்து.

நபிமார்களுக்கே அச்சம் வந்திருக்கிறது. சூனியக்காரர்களின் கயிறுகள் பாம்பெனத் தோன்றியபோது மூஸா (அலை) அவர்களின் உள்ளத்தில் பயம் எழுந்ததைத் தாஹா சூரா மறைக்காமல் சொல்கிறது. அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. அஞ்சற்க என்று தேற்றப்பட்டார்கள். மேலும், உறங்குபவர் விழிக்கும் வரை அவர்மீது பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாமெல்லாம் அறிந்த ஹதீஸின் கருத்து. எழுதுகின்ற பேனாவே எழுதாத நேரத்தில் நடந்ததை வைத்துத் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வது ஏன்? கூச்ச சுபாவமுள்ள நல்ல மனிதர்களே இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள் என்பது நமது அனுபவம்.

ஆனால் விழித்த பிறகு பேனா மறுபடி ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்த ஊரில் ஒரு வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு வந்தார்கள். இளையவருக்கு இந்தத் திடுக்கம் வரத் தொடங்கியது. யாரோ ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் வேலை என்றாராம். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பெயரை இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணன் மனைவிதான்! பதினான்கு வயதில் அந்தத் தம்பிக்கு அம்மை போட்டபோது இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட பெண்மணி அவர். “இப்போது என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்க மாட்டேன் என்கிறானே ஹஜ்ரத்” என்று நமது வீட்டுப் பெண்களிடம் சொல்லியனுப்பினார். தம்பி தனி அடுப்பு வைத்தார். பிறகு உடல்நிலை கருதி இரவுக் கடையை வேறொருவரிடம் விட்டார், திடுக்கமும் நின்றது. தனி அடுப்பு மட்டும் நிற்கவில்லை.

சூனியம் என்பதே இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. ஷைத்தானின் தூண்டலையும் மறுக்கவில்லை. மேலே சொன்ன துஆவிலேயே அது இருக்கிறது. ஆனால் அந்தத் துஆவில் எந்த அடியாரின் பெயரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடியார்களின் தீங்கை விட்டுக் காவல் தேடக் கற்றுத் தந்தார்கள்; அந்த அடியார் யாரென்று தேடிப் போகக் கற்றுத் தரவில்லை. ஊகங்களில் சில பாவமாகும் என்று ஹுஜுராத் சூரா எச்சரிப்பது பகலில் எழும் ஊகத்துக்கு மட்டுமா? அந்தத் தம்பி பின்னொரு நாள், அல்லாஹ்விடம் தவ்பா செய்துவிட்டேனே, போதாதா என்று கேட்டார். போதாது என்றோம். அடியாரின் ஹக்கை அடியாரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் போகவில்லை என்று அறிகிறோம்.

தகடும் தாயத்தும் பற்றியும் ஒரு வார்த்தை. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் இதே துஆவை எழுதிப் பிள்ளைகளின் கழுத்தில் கட்டினார்கள் என்பதைச் சிலர் ஆதாரம் காட்டுகிறார்கள். அந்த ரிவாயத்தை முழுமையாக ஓதிப் பார்க்க வேண்டும். விவரமறிந்த பிள்ளைகளுக்கு அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். கற்கும் வயது வராத குழந்தைகளுக்கே எழுதிக் கட்டினார்கள். இதை வைத்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. நாற்பது வயது மனிதருக்கு அந்த ரிவாயத்தில் கிடைப்பது பாடமேயன்றித் தாயத்து அல்ல என்பது நமது கருத்து. அதற்கு விலை பேசுவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மருத்துவரிடம் போவது தவக்குலுக்கு மாறானது என்று எண்ணுவோரும் உண்டு. உறக்கத்தில் நெஞ்சில் ஏதோ ஏறி அமர்ந்து அமுக்குவது போன்ற நிலையை, நமது மக்கள் அமுக்குவான் பேய் என்பதை, அரபியில் காபூஸ் என்பார்கள். கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனா, தமது கானூன் என்னும் மருத்துவ நூலில் இதை மூளை நோய்களின் வரிசையில் வைத்து ஆராய்ந்தார். வலிப்பு முதலிய நோய்களுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம் என்றும் எச்சரித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இப்படிப் பார்த்திருக்க, இன்று நாம் எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டிருக்கிறோம்! உறங்கத் தொடங்கும்போது எப்போதாவது வரும் திடுக்கத்துக்கு மருந்து தேவையில்லை. ஆனால் நாக்கைக் கடித்துக்கொள்வது, உடல் முழுதும் வெட்டி வெட்டி இழுப்பது, பலத்த குறட்டையோடு மூச்சு நின்று திணறி எழுவது, நெஞ்சு வலிப்பது, இரவுதோறும் வந்து தூக்கத்தையே பறிப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நமது ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இந்த ஊரில் இருந்துகொண்டு திடீர் அச்சத்தைப் பற்றி எழுதும்போது ரமணரின் நினைவு வராமல் போகாது. 1896ஆம் ஆண்டு, பதினாறு வயதில், மதுரையில் சிறிய தகப்பனார் வீட்டு மாடியறையில் தனியே இருந்தபோது, நோய் எதுவுமின்றியே சாகப்போகிறோம் என்ற பயம் அவரைப் பற்றியது. அவர் பிணம் போல விறைத்துப் படுத்து, இறப்பது எது என்று தமக்குள் விசாரித்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூர் வந்தவர், 1950இல் மறையும் வரை இங்கேயே இருந்தார். அவர் கண்ட முடிவும் நமது அகீதாவும் வேறு வேறு. அந்த விவாதம் இங்கே வேண்டாம். ஆனால் அந்தப் பதினாறு வயதுப் பையன், எனக்கு யார் இதைச் செய்தது என்று கேட்டு வெளியே ஓடவில்லை என்பதை நாம் கவனிக்கலாம் அல்லவா?

நமக்கோ இதைவிடத் தெளிவான பாடம் தரப்பட்டிருக்கிறது. மரணிக்கும்போது உயிர்களைக் கைப்பற்றும் அல்லாஹ், மரணிக்காதவர்களின் உயிர்களை உறக்கத்தில் கைப்பற்றுகிறான். விதிக்கப்பட்டதை நிறுத்திக்கொண்டு, மற்றதைத் தவணை வரை அனுப்பிவைக்கிறான் என்பது ஸுமர் சூராவின் கருத்து. அப்படியானால் உறக்கம் என்பது தினந்தோறும் அமானிதத்தை ஒப்படைப்பது. ஒப்படைக்கும் கணத்தில் கை ஒருமுறை இறுகிக்கொள்கிறது. தன்னை விட மனமில்லாத நமது நஃப்ஸின் பிடி அது என்று நமக்குத் தோன்றுவதுண்டு. மருத்துவர் தசை என்று சொல்வதை இது மறுக்காது.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த படுக்கை துஆவைப் பாருங்கள். ஒளுச் செய்து, வலப்பக்கம் சாய்ந்து, என்னை உன்னிடம் ஒப்படைத்தேன் என்று சொல்லும் அந்தத் துஆவில், உன்மீது ஆசை கொண்டும் உன்னை அஞ்சியும் என்ற கருத்து இருக்கிறது. பயமில்லாதவன் மட்டும் ஓத வேண்டிய துஆவாக அது அருளப்படவில்லை. பயத்தையும் கையில் எடுத்துக்கொண்டே அந்த வாசலுக்குள் போகலாம். படுக்கையை உதறுதல், ஆயத்துல் குர்ஸி, மூன்று குல் சூராக்களை ஓதி உள்ளங்கையில் ஊதி உடலில் தடவுதல் ஆகியவற்றை வாசகர்கள் அறிவார்கள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதையும் அறிவார்கள். படுக்கையில் செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பேச்சில் சேருமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு ஸுன்னத்து இருக்கிறது. ஹிராவிலிருந்து நடுக்கத்தோடு வந்து, தம்மைப் போர்த்துமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டபோது அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்த பிறகே விஷயத்தைக் கேட்டார்கள். அவர்களுடைய நற்செயல்களை எடுத்துச் சொல்லித் தேற்றினார்கள். அதன் பின்னரே விவரமறிந்த வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள். வஹீயின் கனம் வேறு, நமது திடுக்கம் வேறு; இரண்டையும் ஒப்பிடுவது அதபு அல்ல. ஆயினும் பயந்தவரிடம் நடந்துகொள்ளும் முறை அதில் இருக்கிறது. நடு இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கும் கணவரிடம், “இப்போது என்ன?” என்று சலித்துக்கொள்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தால் கணவரும்தான்.

இன்னொன்றையும் கேட்கிறார்கள். ஜும்ஆ பயானின்போது உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, திடுக்கிட்டு விழித்தால் ஒளு முறியுமா என்று. தரையில் அசையாமல் நன்றாக அமர்ந்திருந்தால் முறியாது. படுத்து உறங்கினால் முறியும். ஸஹாபாக்கள் இஷாவை எதிர்பார்த்துத் தலை சாயும் அளவுக்குக் கண்ணயர்ந்துவிட்டு, எழுந்து மீண்டும் ஒளுச் செய்யாமல் தொழுதிருக்கிறார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.