அவன் இல்லாத குரூப்

ஆறு பேர் கொண்ட ஒரு நண்பர் கூட்டம். அந்த ஆறு பேருக்குள் இரண்டு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து எத்தனை விதமான குழுக்கள் அமைக்கலாம்? பதினொன்றாம் வகுப்புக் கணக்குதான். மொத்தம் 57. அதில் நீங்கள் இருப்பவை 31, இல்லாதவை 26. ஆறே பேர் உள்ள சின்னக் கூட்டத்தில்கூட நீங்கள் இல்லாமல் மற்றவர்கள் உட்கார்ந்து பேசக்கூடிய அறைகள் 26 இருக்கின்றன.

வாட்ஸப்பில் இந்த அறைகளுக்குப் பெயரும் படமும் வைத்துக்கொள்ளலாம். ஒருவனுக்குப் பிறந்தநாள் வந்தால் அவனை மட்டும் விட்டுவிட்டு ஒரு குரூப் தொடங்குகிறோம். கேக் வெட்டி முடித்த பிறகும் அந்த குரூப் அழிவதில்லை. இரண்டு மாதம் கழித்து யாரோ அதில் "இவன் ஏன் இப்படிப் பண்றான்?" என்று எழுதுகிறார்கள். சர்ப்ரைஸுக்காகக் கட்டிய அறை புறணி பேசும் அறையாகிவிடுகிறது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

நட்பைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இருவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். காண்ட்டும் அப்படித்தான். 1797இல் வெளிவந்த அறவியல் நூலில் நட்பைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். மனிதனுக்குத் தன்னைத் திறந்து காட்ட ஆசை. ஆனால் சொன்னதை வைத்தே மற்றவன் தன்னைக் கவிழ்த்துவிடுவானோ என்று பயம். அதனால் மனதில் இருப்பதையெல்லாம் உள்ளேயே பூட்டி, சிறையில் கிடப்பவனைப் போல வாழ்கிறான். நல்ல நண்பன் வாய்த்தால் அந்தச் சிறை திறக்கிறது. இதுவரை அழகு. உடனே ஒரு நிபந்தனையும் போடுகிறார்: அப்படி ஒருவன் சொன்னதை, அவனுடைய வெளிப்படையான அனுமதி இல்லாமல், எவ்வளவு நம்பகமான இன்னொருவனிடமும் சொல்லக் கூடாது.

இருவர் நட்பில் இந்த நிபந்தனைக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஆறு பேர் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவன் என்னிடம் மட்டும் ஒன்றைச் சொல்கிறான். அந்த நொடியிலிருந்து மீதி நான்கு பேருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி எழும்பிவிடுகிறது. அதை நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. ஒருவனுக்கு உண்மையாக இருப்பதே நான்கு பேருக்கு மறைப்பதாக ஆகிறது.

இதை அனுமானமாகச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் கூட்டத்தில் நடந்தது.

நாங்கள் கல்லூரி விடுதியில் சேர்ந்தவர்கள். நட்பை ஆராய்ந்து கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 80ஆவது. எங்களை ஆராய்ந்து சேர்த்தது விடுதி அலுவலகம். ஆராய்ச்சிக்கான அளவுகோல் பெயரின் முதல் எழுத்து. வேலைக்குப் போன பிறகு ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் போட்டு ஒரு பொது நிதி வைத்தோம். யார் வீட்டிலாவது ஆஸ்பத்திரி செலவு வந்தால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கணக்கு ஒருவனிடம் இருந்தது. மாதம் 12,000, மூன்று வருடத்தில் கணிசமான தொகை.

அவன் திடீரென்று ஒதுங்கினான். போன் எடுப்பதில்லை, டிரிப்புக்கு வரவில்லை, மெசேஜ் பார்த்துவிட்டுப் பதில் போடுவதில்லை. எனக்குக் காரணம் தெரியும், என்னிடம் சொல்லியிருந்தான். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றும் சொல்லியிருந்தான். காரணம் பணத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. அது என்ன என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. இவ்வளவு எழுதுவதற்கே அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தெரியாத நான்கு பேர் என்ன செய்வார்கள்? கண்ணில் பட்ட துண்டுகளை ஒட்ட வைப்பார்கள். பணம் இவனிடம் இருக்கிறது, இவன் ஒளிகிறான், ஆகவே. அந்த 'ஆகவே'க்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் தெரியாத மௌனத்தை மனித மனம் அப்படியே வைத்திருக்காது, ஒரு கதை போட்டு நிரப்பிவிடும். பணம் சம்பந்தப்பட்டால் அந்தக் கதையில் ஒரு திருடன் இருப்பான்.

நான் சொன்னது ஒன்றுதான்: "பணம் பத்திரமா இருக்கும். எனக்கு நம்பிக்கை இருக்கு." அடுத்த நிமிடம் ஒருவன் கேட்டான்: "உனக்கு எப்படித் தெரியும்?" அதற்குப் பிறகு நானும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தேன். ரகசியத்தின் கொடுமை இதுதான். 'ஒரு விஷயம் இருக்கு, கேக்காதீங்க' என்றால் பாதி ரகசியம் போய்விடுகிறது. ஒன்றும் தெரியாது என்றால் பொய். சும்மா நம்புங்கள் என்றால், நம்புவதற்கு நீ யார்?

நடந்தது சுருக்கமாக: விஷயம் அவன் காதுக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வங்கிக் கணக்கின் முழு ஸ்டேட்மெண்டையும் குரூப்பில் போட்டான். ஒரு ரூபாய் குறையவில்லை. மொத்தத் தொகையையும் இன்னொருவன் கணக்குக்கு மாற்றிவிட்டு வெளியேறினான். நான்கு பேரும் போன் செய்து மன்னிப்புக் கேட்டார்கள். "பரவால்லடா, விடு" என்று எல்லோரிடமும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் வரவேயில்லை.

இன்றைக்கும் அந்த நால்வரில் ஒருவன் என்னைக் கேட்பான்: "நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்குமா?" போயிருக்காதுதான். ஆனால் மறுபடி அதே நிலைமை வந்தாலும் சொல்ல மாட்டேன். ஒருவன் சொல்லாதே என்று கொடுத்ததை, அவனைக் காப்பாற்றுவதற்காகவே ஆனாலும், எடுத்துச் செலவழிக்கும் உரிமை எனக்கு இல்லை. இதில் அவனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது, டீ குடித்துக்கொண்டே நீடிக்கிறது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்த ஸ்டேட்மெண்ட். குற்றமற்றவன் என்று நிரூபித்த அதே காகிதம்தான் நட்பையும் முடித்தது. ஏன்?

கியார்க் சிம்மல் ரகசியத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதில் இதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவனுக்கு நம்பிக்கை தேவையில்லை. எதுவுமே தெரியாதவன் நம்புவதற்கு முகாந்திரம் இல்லை. அறிவதற்கும் அறியாமைக்கும் நடுவில் இருப்பதுதான் நம்பிக்கை. ஆதாரத்தைக் கொடுத்ததும் என்ன ஆகிறது? நடுவில் நின்றவர்கள் 'அறிந்தவர்கள்' ஆகிவிடுகிறார்கள். அங்கே நம்பிக்கைக்கு வேலை இல்லை. வங்கி ஊழியர் ஒருவர் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடிய அதே அளவுதான் இவர்களும் தெரிந்துகொண்டார்கள். பத்து வருட விடுதி வாழ்க்கை எதையும் கூடுதலாகத் தரவில்லை என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.

என் தொழிலில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1982இல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் எழுதிய 'பைசாந்திய தளபதிகள்' கட்டுரை. ஒரு நகரத்தைச் சுற்றிப் படைகள் நிற்கின்றன. தளபதிகள் தூதர்கள் வழியாக மட்டுமே பேசிக்கொள்ள முடியும். தாக்குவதா, பின்வாங்குவதா என்று ஒரே முடிவுக்கு வர வேண்டும். ஆனால் தளபதிகளில் சிலர் துரோகிகளாக இருக்கலாம், ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொல்வார்கள். கட்டுரை நிரூபிப்பது இது: வாய்வார்த்தை மட்டுமே என்றால், துரோகிகள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் தீர்வு உண்டு. மூன்று பேரில் ஒருவன் துரோகி என்றால் முடியவே முடியாது. தலைமைத் தளபதி என்னிடம் 'தாக்கு' என்கிறார். இன்னொருவன் வந்து 'என்கிட்ட பின்வாங்கச் சொன்னார்' என்கிறான். பொய் சொல்வது அவரா, இவனா? எனக்குத் தெரிய வழியே இல்லை. மூன்று பேர் நட்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் தேற்றம் நிரூபணம் இல்லாமலேயே தெரியும்.

அதே கட்டுரையில் இன்னொரு பகுதி உண்டு. போலி செய்ய முடியாத கையொப்பத்தோடு செய்திகள் வந்தால் எத்தனை துரோகிகள் இருந்தாலும் சமாளிக்கலாம். நம் காலத்தில் அந்தக் கையொப்பத்தின் வேலையைச் செய்வது ஸ்கிரீன்ஷாட். 'அவன் உன்னைப் பத்தி என்ன சொன்னான் தெரியுமா' என்பது வாய்வார்த்தை. ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. (ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகவும் செய்யலாம் என்பது வேறு விஷயம். சந்தேகத்தில் இருப்பவன் அதைச் சோதிப்பதில்லை.)

கணினிகளுக்கு இது நல்ல தீர்வு. சர்வர்கள் ஒன்றையொன்று நம்ப வேண்டியதில்லை, ஒத்துப்போனால் போதும். நண்பர்களுக்கு இந்தத் தீர்வு ஒத்துவராது. நள்ளிரவில் எரிச்சலில் சொன்ன ஒரு வரியை, முன்னும் பின்னும் வெட்டி, கையொப்பமிட்ட செய்தியாக மாற்றி வைத்துக்கொண்டால் எந்த நட்பும் தாங்காது. நாம் எல்லோருமே நண்பர்களைப் பற்றி அவர்கள் இல்லாதபோது ஏதாவது சொல்லியிருக்கிறோம். அதில் பாதி அன்றைய மனநிலை, கால்வாசி நகைச்சுவை.

சந்தேகத்தின் சக்தியை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தது ஓர் அரசாங்கம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி 1976இல் ஓர் உள்சுற்றறிக்கை வெளியிட்டது. எதிர்ப்பாளர்களைக் கைதுசெய்தால் வெளிநாடுகளில் பெயர் கெடுகிறது. ஆகவே அவர்களை உள்ளிருந்தே சிதைக்க வேண்டும். 'ட்சேர்செட்சுங்' என்று அதற்குப் பெயர், ஒரு பொருளை மக்கிப்போகச் செய்வதற்கான சொல். அதில் சொல்லப்பட்ட முறைகளில் ஒன்று, குழுக்களுக்குள் பரஸ்பர அவநம்பிக்கையையும் சந்தேகத்தையும் உண்டாக்குவது. உளவாளியை அனுப்புவது ஒரு வழி. உளவாளியே இல்லாத இடத்தில் ஒருவரை உளவாளி என்று வதந்தி கிளப்புவது அதைவிட மலிவான வழி. வதந்தியை மறுக்க ஆதாரம் கிடையாது, மறுப்பே சந்தேகத்தைக் கூட்டும். மீதி வேலையை நண்பர்களே செய்துகொள்வார்கள்.

உண்மையான உளவாளிகளும் இருந்தார்கள். கிழக்கு பெர்லினின் பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் எண்பதுகளில் இளம் கவிஞர்கள், ஓவியர்களின் கூட்டம் ஒன்று இருந்தது. தணிக்கைக்கு வெளியே தாங்களே இதழ்கள் போட்டுக்கொண்டார்கள், வீடுகளில் கவிதை வாசித்தார்கள். அந்தக் கூட்டத்தின் மையத்தில் இருந்தவர் சாஷா ஆண்டர்சன் என்ற கவிஞர். 1991 அக்டோபரில், புக்னர் விருதை ஏற்றுப் பேசும்போது வோல்ஃப் பீர்மன் அவரை ஸ்டாசி உளவாளி என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆண்டர்சன் மறுத்தார். கோப்புகள் பீர்மன் பக்கம் நின்றன. 1986இல் மேற்கு பெர்லினுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அவர் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் தெரியவந்தது.

இந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்வது துரோகம் அல்ல, துரோகத்தைப் புரிந்துகொள்ளலாம். அவர் அந்தக் கூட்டத்துக்கு உண்மையிலேயே உழைத்தும் இருக்கிறார். வாசிப்புகளை ஏற்பாடு செய்தவர், புத்தகங்கள் வர உதவியவர், ஆட்களை ஆட்களோடு சேர்த்துவைத்தவர். அப்படியென்றால் அந்த வருடங்களை என்ன செய்வது? அந்தச் சாயங்காலங்களின் சந்தோஷம் திரும்பிப் போய்ப் பொய்யாகிவிடுமா? கடந்தகாலம் மாறாது என்கிறோம். ஒரு ரகசியம் உடையும்போது மாறுவது கடந்தகாலம்தான். நேற்றுவரை நினைவாக இருந்தது இன்றைக்கு ஆதாரமாகிவிடுகிறது.

நம்பிக்கைக்கு உதாரணமாக நாம் எப்போதும் துரியோதனனைச் சொல்வோம். வியாச பாரதத்தில் இல்லாத, வில்லிபுத்தூரார் வழியாகவும் 1964ஆம் ஆண்டின் 'கர்ணன்' படம் வழியாகவும் நமக்குள் இறங்கிய காட்சி. கர்ணனும் பானுமதியும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். கணவன் வருவதைப் பார்த்து அவள் எழ, ஆட்டத்தை விட்டு ஓடுகிறாள் என்று நினைத்துக் கர்ணன் பிடித்து இழுக்க, மணிகள் அறுந்து சிதறுகின்றன. துரியோதனன் விளக்கம் கேட்கவில்லை, சிதறியதை என்ன செய்யலாம் என்றுதான் கேட்டான். இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருந்தன்மைக்கு முதலில் சந்தேகம் வர வேண்டும், பிறகு அதை அடக்க வேண்டும். அவனுக்குச் சந்தேகம் வரவே இல்லை. அது முயன்று அடையக்கூடிய குணமா, அல்லது சிலருக்கு வாய்ப்பதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உலகத்தில் மற்ற எல்லோர்மீதும் சந்தேகம் கொண்ட ஒருவனுக்கு அது ஒரே ஒருவனிடம் வாய்த்தது என்பதும் கவனிக்க வேண்டியது.

ஸ்டாசி கோப்புகளைப் பற்றிய சட்டம் 1991 டிசம்பரில் வந்தது. 1992 ஜனவரியிலிருந்து யாரும் விண்ணப்பித்துத் தங்கள் கோப்பைப் படிக்கலாம், தங்களைப் பற்றி எழுதிய உளவாளிகளின் உண்மைப் பெயர்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்டவர்களும் உண்டு.

போன பொங்கலுக்கு மீதி ஐந்து பேரும் சந்தித்தபோது இதைச் சொன்னேன். நாம் இல்லாத 26 அறைகளிலும் நம்மைப் பற்றிப் பேசியதெல்லாம் ஒரு கோப்பாக வந்தால் திறப்பீர்களா? மூன்று பேர் திறப்போம் என்றார்கள். ஒருவன், "என் கோப்பு வேண்டாம், உங்க கோப்புல நான் பேசுன பக்கத்தை மட்டும் கிழிச்சிட்டுக் குடுப்பாங்களா?" என்றான். சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு யாரோ அவனுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்.

போட்டோம், ரிங் போனது.